தண்ணீர் கலக்காத சிறுநீர்: ஸ்டான்ஃபோர்டின் ஸ்மார்ட் கழிப்பறை பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு தடவை சிறுநீர் கழித்தால் ஏறக்குறைய 300 மில்லி வரும் என்று வைத்துக்கொள்வோம். அதைக் குழாய்க்குள் தள்ள 6 லிட்டர் தண்ணீர் விடுகிறோம். இருபது மடங்கு. பழைய 13 லிட்டர் தொட்டியாக இருந்தால் நாற்பது மடங்கைத் தாண்டும். பல இடங்களில் அது குடிக்கிற தரத்துக்குச் சுத்திகரித்து அனுப்பிய தண்ணீர்.

இதில் இரண்டு இழப்பு இருக்கிறது. தண்ணீர் போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். அந்த 300 மில்லிக்குள் இருந்த செய்தியும் போகிறது என்பதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. சர்க்கரை வெளியேறுகிறதா, சிறுநீரகம் புரதத்தைக் கசிய விடுகிறதா, கிருமித் தொற்று இருக்கிறதா, உடம்பில் தண்ணீர் போதுமா என்பதெல்லாம் அதில் இருந்தது, இருபது மடங்கு தண்ணீரில் கரைந்து சாக்கடைக்குப் போய்விட்டது.

ஸ்மார்ட் டாய்லெட் பற்றிய விளம்பரங்கள் இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்: தண்ணீரும் மிச்சமாகும், உடம்பையும் கவனித்துக்கொள்ளும் என்று. ஆனால் இந்த இரண்டு வேலையையும் செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள், பெரும்பாலும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே செய்தார்கள். நான் இங்கே முக்கியமாக எடுத்துக்கொள்வது 2020இல் வெளியான ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் கழிப்பறையை. கூடவே ஸ்விட்சர்லாந்தில் இருந்து வந்த ஒரு கழிப்பறைக் கோப்பையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் போகிறேன், ஏனென்றால் ஸ்டான்ஃபோர்ட் குழுவுக்குத் தேவைப்பட்ட ஒரு பொருள் அந்தக் கோப்பைக்குள் ஏற்கெனவே இருந்தது என்பது என் எண்ணம்.

ஸ்டான்ஃபோர்டில் செய்தது என்ன

யோசனை புதிதல்ல. ஜப்பானில் டோட்டோ நிறுவனம் வீடு கட்டும் டைவா ஹவுஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2005வாக்கிலேயே சிறுநீரில் சர்க்கரை அளக்கும் கழிப்பறை ஒன்றைக் கொண்டுவந்தது. எடையும் ரத்த அழுத்தமும் பார்க்கிற கருவிகள் அதே அறையில் இருந்தன. அது வீட்டுக்கு வீடு பரவவில்லை.

ஸ்டான்ஃபோர்டில் இதைத் தூக்கிச் சுமந்தவர் சஞ்சீவ் காம்பீர், சாம் காம்பீர் என்றுதான் அறியப்பட்டவர். இந்தியாவில் பிறந்தவர், கதிரியக்கத் துறைத் தலைவர், புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிப்பதற்கென்றே அங்கே ஒரு மையத்தை நடத்தியவர். பதின்ம வயது மகனை மூளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவரும்கூட. நோய் முற்றிய பிறகு பிடிப்பதில் என்ன பிரயோஜனம் என்ற கேள்வி அவருக்கு வெறும் ஆராய்ச்சித் தலைப்பாக மட்டும் இருந்திருக்க முடியாது. உடம்பில் இருந்து தினமும் தானாக வெளியே வருவதைப் பரிசோதித்தால் ஊசி வேண்டாம், நேரம் ஒதுக்க வேண்டாம், ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது அவருடைய அடிப்படை வாதம். பதினைந்து வருடத்துக்கு மேல் இந்த யோசனையை வைத்திருந்தார். கட்டுரை 2020 ஏப்ரலில் நேச்சர் பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இதழில் வெளியானது, முதல் ஆசிரியர் சங்-மின் பார்க். மூன்று மாதம் கழித்து, ஜூலையில், காம்பீர் புற்றுநோயாலேயே இறந்துபோனார்.

அவர்கள் புதுக் கழிப்பறை கட்டவில்லை. ஏற்கெனவே இருக்கும் கோப்பையில் பொருத்தக்கூடிய ஒரு கருவித் தொகுப்பைச் செய்தார்கள். ஆள் வந்ததை உணரும் சென்சார், உட்கார்ந்ததை உணரும் அழுத்த சென்சார், சிறுநீர் விழும் பாதையில் நீண்டு வந்து நனைந்து திரும்பும் சோதனைப் பட்டை, பட்டையின் நிறத்தைப் படிக்கும் கேமரா. சிறுநீர் எவ்வளவு வேகமாக, எவ்வளவு நேரம் வருகிறது என்று பார்க்க அதிவேகக் கேமராக்கள் தனி. மலத்தைப் படம் பிடித்து மருத்துவர்கள் பயன்படுத்தும் பிரிஸ்டல் அளவுகோல்படி ஏழு வகையாகப் பிரிக்க ஒரு மென்பொருள். யாருடைய சிறுநீர் என்று தெரிய வேண்டுமே, அதற்கு ஃப்ளஷ் கைப்பிடியில் கைரேகை, அதோடு ஆசனவாய்த் தோலின் மடிப்புகளைப் படமெடுத்து ஆளை அடையாளம் காணும் முறை.

இந்தக் கடைசி விஷயம்தான் உலகம் முழுக்கப் பேசப்பட்டது. 2023இல் இக் நோபல் பரிசும் கிடைத்தது, பொது சுகாதாரப் பிரிவில். முதலில் சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைக்கும் ஆராய்ச்சிக்குத் தரும் பரிசு அது. யோசிக்க வேண்டிய பகுதியைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறேன்.

கருவியை 21 பேரை வைத்துப் பல மாதம் சோதித்தார்கள். அதாவது இது ஒரு முன்னோட்டம். "கருவி வேலை செய்கிறது" என்று காட்டினார்கள். "இதனால் நோய் முன்னதாகப் பிடிபட்டு உயிர் காப்பாற்றப்படுகிறது" என்று காட்டவில்லை, காட்டியதாகச் சொல்லவும் இல்லை. இந்த வித்தியாசத்தைச் செய்திகள் பெரும்பாலும் விட்டுவிட்டன. தனியாக 300 பேரிடம் கருத்துக் கேட்டதில் 15 சதவீதம் பேர் ரொம்ப வசதியாக உணர்வதாகவும், 37 சதவீதம் பேர் ஓரளவு வசதியாக உணர்வதாகவும் சொன்னார்கள். கூட்டினால் 52. மீதிப் பாதிப் பேர் அந்தப் பக்கம் வரவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பட்டையின் கதை

சரி, சோதனைக்கு வருவோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும், அதிகம் கவலை தரும் பகுதியும் இதுதான்.

சோதனைப் பட்டையில் பத்துச் சின்னக் கட்டங்கள் இருக்கும்: குளுக்கோஸ், புரதம், ரத்தம், வெள்ளையணு, நைட்ரைட், கீட்டோன், பிலிருபின், யூரோபிலினோஜென், அமிலத்தன்மை, அடர்த்தி. நனைத்ததும் ஒவ்வொன்றும் நிறம் மாறும். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் மாறாது. குளுக்கோஸை 30 நொடியில் படிக்க வேண்டும், கீட்டோனை 40இல், புரதத்தையும் ரத்தத்தையும் 60இல், வெள்ளையணுவை 120 நொடியில். தாமதித்துப் பார்த்தால் நிறம் இன்னும் அடர்ந்து தப்பான பதில் கிடைக்கும். ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், கையில் கடிகாரத்தோடு நின்று பார்த்தாலும் இரண்டு பேர் ஒரே கட்டத்தை இரண்டு விதமாகச் சொல்வார்கள். இந்த இடத்தில் இயந்திரம் மனிதக் கண்ணைவிட நிச்சயமாக மேல். கேமரா சரியான நொடியில் படமெடுக்கும், சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்று எண்ணாகவே சொல்லும், வெளிச்சம் மாறாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஆனால் பட்டைக்கு என்றே சில பலவீனங்கள் இருக்கின்றன, அவற்றைக் கேமராவால் சரிசெய்ய முடியாது.

முதலில் சர்க்கரை. ரத்தத்தில் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டிய பிறகுதான் சிறுநீரகம் அதைச் சிறுநீரில் விட ஆரம்பிக்கும். அதற்குக் கீழே எவ்வளவு இருந்தாலும் பட்டை வாய் திறக்காது. சாப்பிடாமல் பார்க்கும்போது 126 வந்தாலே நீரிழிவுக்கான எல்லை. எனவே பட்டை "இல்லை" என்று சொன்னால் நீரிழிவு இல்லை என்று அர்த்தம் கிடையாது. இதற்கு நேர்மாறாக, சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் வகை மாத்திரைகள் (பெயர் "-கிளிஃப்ளோசின்" என்று முடியும்) சாப்பிடுபவருக்குப் பட்டை எப்போதும் சர்க்கரை இருக்கிறது என்றே காட்டும், மருந்து நன்றாக வேலை செய்கிறது என்பதுதான் அதற்குக் காரணம். கழிப்பறைக்கு அவர் என்ன மாத்திரை போடுகிறார் என்று தெரியாவிட்டால் தினமும் எச்சரிக்கை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

வைட்டமின் சி நிறையச் சாப்பிட்டால் குளுக்கோஸ் கட்டமும் ரத்தக் கட்டமும் ஏமாந்துபோகும், இருப்பதை இல்லை என்று சொல்லிவிடும். நைட்ரைட் கட்டத்துக்கு வேறு பிரச்சினை. கிருமிகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்ற நேரம் வேண்டும், சிறுநீர் நான்கு மணி நேரமாவது பைக்குள் தங்கியிருக்க வேண்டும். தொற்று இருப்பவருக்கு அடிக்கடி போக வேண்டும் என்று முட்டும் அல்லவா, அரை மணிக்கு ஒரு தடவை போகிறவருக்கு நைட்ரைட் "இல்லை" என்று வர நிறைய வாய்ப்பு உண்டு. தொற்று தீவிரமாக இருக்கும் நேரத்திலேயே சோதனை கைவிடுகிறது.

அடுத்தது எல்லோரும் மறந்துவிடும் ஒன்று. கழிப்பறையை நாம் என்ன ஊற்றிக் கழுவுகிறோம்? பிளீச்சிங் திரவம். அதில் இருக்கும் ஹைப்போகுளோரைட் பட்டையின் ரத்தக் கட்டத்தையும் குளுக்கோஸ் கட்டத்தையும் தானே நிறம் மாற வைக்கும். ஆய்வகத்தில் சிறுநீர் பிடிக்கும் டப்பாவில் பிளீச் மிச்சம் இருக்கக் கூடாது என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். காலையில் கழிப்பறையைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவிய வீட்டில் முதலில் போகிறவருக்குச் "சிறுநீரில் ரத்தம்" என்று போனில் செய்தி வந்தால் அவர் மனம் என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். கருவியை வடிவமைப்பவர் பட்டைக்கு எந்தத் துளி படலாம், எது படக் கூடாது என்பதைத்தான் முதலில் தீர்க்க வேண்டும், மென்பொருள் அதற்கு அப்புறம். மாதவிடாய் நாட்களில் ரத்தக் கட்டம் என்ன காட்டும் என்பதும் இதே வகைக் கேள்வி.

அப்புறம் புரதம். சிறுநீரகப் பாதிப்பின் ஆரம்ப அடையாளம் அல்புமின் என்ற புரதம் கசிவது. அதை மருத்துவர்கள் கிரியேட்டினினோடு (தசையில் இருந்து தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் வெளியேறும் கழிவுப் பொருள்) ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் அல்புமினைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். சாதாரணப் பட்டைக்கு அந்தச் சின்ன அளவு தெரியாது, கசிவு அதிகமான பிறகுதான் நிறம் மாறும். கிரியேட்டினினோடு ஒப்பிடுவதற்கும் காரணம் இருக்கிறது. நிறையத் தண்ணீர் குடித்தவரின் சிறுநீர் நீர்த்திருக்கும், குடிக்காதவருடையது கெட்டியாக இருக்கும், வெறும் அல்புமின் அளவை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. உடம்புக்குள்ளேயே இவ்வளவு நீர்த்துப்போகும் வேறுபாடு இருக்கும்போது, கோப்பையில் தேங்கி நிற்கும் தண்ணீரும் கலந்தால் கணக்கு முழுக்கக் குலைந்துவிடும்.

அதனால்தான் ஸ்டான்ஃபோர்ட் குழு பட்டையைத் தண்ணீரில் நனைக்காமல் விழுகிற சிறுநீரிலேயே நீட்டியது. 2023 ஜனவரியில் பிரான்ஸின் விதிங்ஸ் நிறுவனம் காட்டிய யூ-ஸ்கேன் கருவியும் இதே வழியில்தான் போனது. உள்ளங்கை அளவுக் கூழாங்கல் மாதிரி ஒன்றைக் கோப்பையின் முன்பக்க உட்சுவரில் தொங்கவிட்டு, உட்கார்ந்து போகும்போது சிறுநீர் வழியும் இடத்தில் பிடித்து, உள்ளே இருக்கும் சின்ன பம்ப் மூலம் சோதனைச் சில்லுக்கு அனுப்பும். எல்லோரும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறார்கள்: தண்ணீரில் விழும் முன்னால் பிடி.

யாருடையது, யாருக்குத் தெரியும்

நான்கு பேர் இருக்கும் வீட்டில் ஒருவருடைய முடிவு இன்னொருவரின் கணக்கில் ஏறினால், அந்தக் கருவி இல்லாமல் இருப்பதே மேல். எனவே அடையாளம் காணும் பகுதியைக் கேலியாகப் பார்க்கக் கூடாது. கைரேகையை ஒருவர் வைத்து இன்னொருவர் ஃப்ளஷ் செய்யலாம், அதனால்தான் குழு இரண்டாவது வழியைத் தேடியது. ஆனால் தேடிய வழி, உடம்பின் மிக அந்தரங்கமான இடத்தில் கேமரா வைப்பது. எடுக்கிற படம் ஆளுக்குக் காட்டப்படாது, மென்பொருள் மட்டும் பார்க்கும், மறைகுறியாக்கி வைப்போம் என்றெல்லாம் சொன்னாலும் படம் படம்தான். அளவீட்டுக்குத் தேவையானதைவிட அதிகமாகத் தகவல் எடுக்கிறது என்பது என் ஆட்சேபணை. போனை வைத்தோ, ஒரு பொத்தானை அழுத்தியோ "நான்தான்" என்று சொல்ல வைத்தால் சில தடவை மறந்துபோகும், சில நாள் தகவல் போகும். போகட்டும்.

சிறுநீரில் கருத்தரிப்பு தெரியும், சில மருந்துகள் தெரியும், மது தெரியும், போதைப்பொருள் தெரியும். இன்று பட்டையில் பத்துக் கட்டம், நாளை பதினொன்றாவதாக எதைச் சேர்க்கிறார்கள் என்று பயன்படுத்துகிறவருக்குத் தெரிய வேண்டும். வேலை கொடுத்தவரும் காப்பீட்டு நிறுவனமும் இந்தத் தகவலைக் கேட்கும் நாள் வந்தால் "முடியாது" என்று சொல்லும் உரிமை சட்டத்தில் இருக்க வேண்டும். தகவல் போகும் வழியில் பூட்டியிருப்பது வேறு, போய்ச் சேர்ந்த சர்வரிலும் திறக்க முடியாமல் பூட்டியிருப்பது வேறு. வாங்குகிறவர்கள் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்க வேண்டும்.

தண்ணீர்

ஸ்டான்ஃபோர்ட் கழிப்பறை ஒரு சொட்டுத் தண்ணீரையும் மிச்சப்படுத்தவில்லை. அது அதன் நோக்கமும் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் "தண்ணீர் சேமிக்கும் ஸ்மார்ட் டாய்லெட்" என்ற வரிசையில் அதைச் சேர்த்து எழுதுவது தப்பு.

தண்ணீரை உண்மையில் மிச்சப்படுத்தியவை எல்லாம் மின்சாரமே இல்லாத சின்ன மாற்றங்கள். 1980இல் ஆஸ்திரேலியாவின் கரோமா நிறுவனத்தில் புரூஸ் தாம்ஸன் வடிவமைத்த இரண்டு பொத்தான் ஃப்ளஷ், முழுசுக்கு 11 லிட்டர், பாதிக்கு 5.5. இன்றைய இரண்டு பொத்தான் தொட்டிகளில் 6க்கு 3, அல்லது 4.5க்கு 3. அமெரிக்காவில் 1992இல் வந்த சட்டம் ஒரு ஃப்ளஷுக்கு 6 லிட்டர் என்று உச்ச வரம்பு வைத்தது, அதற்கு முன் 13 லிட்டரும் அதற்கு மேலும் சாதாரணம். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடும் பொருட்களுக்கென்று அங்கே பின்னால் வந்த வாட்டர்சென்ஸ் முத்திரைக்கு 4.8 லிட்டர்.

ஒருவர் நாளைக்கு ஆறு தடவை போகிறார், அதில் ஐந்து சிறுநீருக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். 13 லிட்டர் தொட்டியில் 78 லிட்டர். 6 லிட்டர் தொட்டியில் 36. இரண்டு பொத்தானைச் சரியாக அழுத்தினால் ஐந்து மூன்றுகள் 15, அதோடு 6, மொத்தம் 21. இந்த 21இலும் பெரும்பகுதி, 15 லிட்டர், சிறுநீரைத் தள்ளுவதற்கு மட்டுமே போகிறது என்பதைக் கவனியுங்கள்.

ஏன் இன்னும் குறைக்கக் கூடாது என்றால், மலம் கோப்பையை விட்டுப் போனால் மட்டும் போதாது, படுகிடையாகப் போகும் குழாயில் தொடர்ந்து நகர வேண்டும். தண்ணீர் குறைந்தால் நடுவழியில் நின்று அடைத்துக்கொள்ளும். அதனால்தான் இந்தத் துறையில் சோயாப் பசையைக் கட்டி கட்டியாகப் போட்டு ஃப்ளஷ் செய்து பார்க்கிறார்கள், வாட்டர்சென்ஸ் முத்திரைக்கு 350 கிராமை ஒரே தடவையில் தள்ளியாக வேண்டும். ஆனால் இந்தக் கட்டுப்பாடு முழுக்க மலத்துக்கானது. சிறுநீருக்குத் தள்ளுவிசை எதுவும் தேவையே இல்லை, அது தானாக ஓடும்.

சென்சார் வைத்தால் தண்ணீர் மிச்சம் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் கையால் அழுத்தும் ஃப்ளஷை எடுத்துவிட்டுத் தானியங்கிச் சென்சாரைப் பொருத்தி அளந்தார்கள், 2010இல் அந்த முடிவு வெளியானது. கழிப்பறைத் தண்ணீர்ச் செலவு 54 சதவீதம் கூடிப்போனது. ஆள் கொஞ்சம் அசைந்தாலே ஒரு ஃப்ளஷ், எழுந்தால் இன்னொன்று. ஆக, புத்தியுள்ள கருவி என்பதாலேயே சிக்கனமான கருவி ஆகிவிடாது.

சென்சாருக்கு உண்மையான வேலை இருக்கும் இடம் கசிவு. தொட்டியின் அடியில் இருக்கும் ரப்பர் மூடி தேய்ந்து சரியாக உட்காராவிட்டால் தண்ணீர் சத்தமில்லாமல் கோப்பைக்குள் வழிந்துகொண்டே இருக்கும், பெரிய கசிவாக இருந்தால் ஒரு நாளைக்குச் சில நூறு லிட்டர்கூடப் போகும். யாரும் ஃப்ளஷ் செய்யாத நள்ளிரவில் தொட்டி நிரம்பிக்கொண்டே இருந்தால் சொல்லிவிடும் ஒரு சின்ன நீர்மானி போதும், இதற்குச் செயற்கை நுண்ணறிவு வேண்டாம். இன்றைக்கே ஒரு சொட்டுச் சாயத்தைத் தொட்டியில் போட்டுவிட்டு ஃப்ளஷ் செய்யாமல் பத்து நிமிடம் விட்டுப் பார்த்தாலும் தெரிந்துவிடும், கோப்பைத் தண்ணீர் நிறம் மாறினால் கசிகிறது.

பிரித்துப் பிடிக்கும் கோப்பை

இப்போது ஸ்விட்சர்லாந்துக்கு வருகிறேன். வீட்டுக் கழிவுநீரின் மொத்த அளவில் சிறுநீர் ஏறக்குறைய 1 சதவீதம்தான். ஆனால் அந்தக் கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனில் சுமார் 80 சதவீதமும், பாஸ்பரஸில் ஏறக்குறைய பாதியும் அந்த 1 சதவீதத்தில் இருந்து வருகிறது. சுத்திகரிப்பு நிலையங்கள் அதை மறுபடி பிரித்தெடுக்கத்தான் நிறைய மின்சாரம் செலவழிக்கின்றன. கலக்காமலே விட்டால் என்ன என்று கேட்டது ஈவாக் என்ற ஸ்விஸ் நீராய்வு நிறுவனம். 1990களில் ஸ்வீடனில் பரவிய பிரிப்புக் கழிப்பறைகளை எடுத்துக்கொண்டு பல வருடம் ஆராய்ந்தார்கள். முன்பக்கம் சின்னக் குழி, பின்பக்கம் பெரிய குழி, இரண்டுக்கும் நடுவில் தடுப்பு. ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் இதைப் பயன்படுத்தியவர்களிடம் கேட்டதில் ஐந்தில் நான்கு பேருக்கு யோசனை பிடித்திருந்தது. ஆனாலும் நிலைக்கவில்லை. குழந்தைகளால் சரியான இடத்தில் உட்கார முடியவில்லை, ஆண்களும் உட்கார்ந்துதான் ஆக வேண்டும், எல்லாவற்றுக்கும் மேல் குழாய் அடைத்துக்கொண்டது.

அடைப்புக்குக் காரணம் வேதியியல். வெளியே வந்த சிறுநீரில் பாக்டீரியாக்கள் யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், அமிலத்தன்மை குறைந்து காரமாகும், கரைந்திருந்த பாஸ்பேட் உப்புகள் கல் மாதிரி குழாயின் உட்புறத்தில் படியும். ஆய்வகத்தில் சிறுநீரை இரண்டு மணி நேரத்துக்குள் பரிசோதிக்கச் சொல்வதற்குப் பின்னாலும் இதே பாக்டீரியாக்கள்தான் இருக்கின்றன. பிரிப்புக் கழிப்பறைக்காரர்கள் குழாயில் சண்டை போட்டதும், ஆய்வகக்காரர்கள் டப்பாவில் சண்டை போட்டதும் ஒரே எதிரியோடு!

2019இல் கழிப்பறைப் பீங்கான் செய்யும் லாஃபென் என்ற ஸ்விஸ் நிறுவனம் ஈவாக்கோடும், ஈஓஓஎஸ் என்ற வியன்னா வடிவமைப்புக் குழுவோடும் சேர்ந்து ஒரு புதுக் கோப்பையைக் காட்டியது. வெளியில் பார்த்தால் சாதாரணக் கோப்பைதான், தடுப்பு எதுவும் கிடையாது. தேநீர்க் குடுவையைச் சாய்த்து மெதுவாக ஊற்றினால் தேநீர் நேராக விழாமல் மூக்கின் அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டு வழியும், பார்த்திருப்பீர்கள். அதே இயல்பைப் பயன்படுத்தினார்கள். உட்சுவரில் மெதுவாக வழியும் சிறுநீர் ஒரு வளைவான விளிம்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே திரும்பி மறைவான ஒரு துளைக்குப் போய்விடும். ஃப்ளஷ் தண்ணீர் வேகமாக வருவதால் விளிம்பில் ஒட்டாமல் தாண்டிப் பெரிய துளைக்குப் போகும். மோட்டார் இல்லை, சென்சார் இல்லை, பீங்கானின் வளைவு மட்டும். இதைப் படித்த அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

ஸ்டான்ஃபோர்ட் குழு ஒரு பட்டையை நீட்ட மோட்டாரும் கேமராவும் வைத்துப் பாடுபட்டது எதற்காக? தண்ணீர் கலக்காத சிறுநீருக்காக. லாஃபென் கோப்பையின் மறைவுத் துளையில் வருவது என்ன? தண்ணீர் கலக்காத சிறுநீர். அந்தக் குழாயிலேயே அளவுமானியையும் சோதனைச் சில்லையும் வைத்தால் கோப்பைக்குள் கேமராவே வேண்டாம், அந்தரங்கக் கவலையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். வெறும் சிறுநீருக்கு 3 லிட்டர் ஊற்றவும் வேண்டாம், சுவரை அலசக் கொஞ்சம் தண்ணீர் போதும், அந்த 15 லிட்டரில் நல்ல பங்கு மிச்சமாகும். தண்ணீர்ச் சேமிப்பும் உடல்நலச் சோதனையும் ஒரே செயலின் இரண்டு பலன்களாக வருவது இந்த ஒரு வழியில்தான்.

சிக்கல் இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்னால் போனவரின் மிச்சம் அடுத்தவரின் முடிவில் கலக்கக் கூடாது, அதனால் அளக்கும் இடத்தை ஒவ்வொரு தடவையும் அலச வேண்டும், அலசும் தண்ணீர் அடுத்த மாதிரியை நீர்க்கச் செய்யக் கூடாது. உப்புப் படிவு சென்சாரையும் மூடும். பட்டைகளின் குப்பை வேறு. நான்கு பேர், ஆளுக்கு ஆறு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு பட்டை என்றால் வருடத்துக்கு 8,760 பட்டைகள். அவ்வளவு எதற்கு?

எதற்கு என்ற கேள்வி குப்பைக்கு மட்டும் உரியதல்ல. ஒரு கற்பனைக் கணக்கு: 1,000 பேரில் 5 பேருக்கு ஒரு நோய் இருக்கிறது. சோதனை நோயுள்ளவர்களில் 80 சதவீதத்தைப் பிடிக்கும், நோயில்லாதவர்களில் 5 சதவீதத்தைத் தப்பாகப் பிடிக்கும். அப்படியென்றால் 4 பேருக்கு உண்மையான எச்சரிக்கை, 50 பேருக்குப் பொய் எச்சரிக்கை. இதை ஆரோக்கியமானவர்கள் வீட்டில் தினமும் நடத்தினால் மருத்துவமனை வாசலில் பயந்த முகங்கள்தான் சேரும். தொந்தரவு எதுவும் தராத கிருமிகள் சிறுநீரில் இருந்தால் கர்ப்பிணிகள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்களுக்கு மருந்து தரக் கூடாது என்பதே மருத்துவ வழிகாட்டுதல், கழிப்பறை அதைக் கண்டுபிடித்துச் சொன்னால் பலர் ஆன்டிபயாடிக் கேட்டு நிற்பார்கள்.

ஆகவே எல்லோருக்கும் எல்லாவற்றையும் என்பதை விட்டுவிட்டு, காரணம் உள்ளவர்களுக்கு, தேவையானதை மட்டும் என்று போக வேண்டும். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவருக்குப் புரதம். ரத்த அழுத்தம் ஏறும் அபாயம் உள்ள கர்ப்பிணிக்கும் அதேதான். ப்ராஸ்டேட் வீங்கியவருக்குச் சிறுநீரின் வேகம்: நொடிக்கு 15 மில்லிக்கு மேல் வந்தால் பொதுவாக நிம்மதி, 10க்குக் கீழே போனால் அடைப்போ, பையின் பலவீனமோ இருக்கலாம். மருத்துவமனையில் பலர் காத்திருக்க, வராத சிறுநீரை வரவழைத்து ஒரு தடவை அளப்பதைவிட வீட்டில் ஒரு மாதம் இயல்பாக அளந்தது எவ்வளவோ நம்பகமானது. ஸ்டான்ஃபோர்ட் கருவியில் எனக்கு மிக மதிப்புள்ளதாகப் படுவது இந்த வேக அளவீடுதான், அதிகம் பேசப்படாததும் அதுதான்.

சிறுநீரகக் கல் வந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் 2.5 லிட்டராவது சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். குடித்த தம்ளரை எண்ணுவார்கள், ஆனால் வியர்வையில் போனது எவ்வளவு என்று தெரியாது. உண்மையில் எவ்வளவு சிறுநீர் போனது என்று அறிய இன்றைக்கு இருக்கும் வழி ஒரு பெரிய கேனைக் கையில் கொடுத்து 24 மணி நேரமும் அதில் பிடித்து வரச் சொல்வது. காலையில் முதல் சிறுநீரை விட்டுவிட்டு அடுத்ததில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், மறுநாள் காலை முதல் சிறுநீர் வரை சேர்க்க வேண்டும், கேனைக் குளிரில் வைக்க வேண்டும், வெளியே போகவும் முடியாது. நடுவில் ஒரு தடவை பழக்க தோஷத்தில் கழிப்பறையில் போய்விட்டால் எல்லாம் வீண், மறுபடி புதுக் கேன். பிரித்துப் பிடிக்கும் கோப்பையின் அந்த மறைவுத் துளையில் ஓர் அளவுமானியை மட்டும் வைத்தால், பட்டையும் வேண்டாம், கேமராவும் வேண்டாம், அவர் வீட்டில் வழக்கம்போல் உட்கார்ந்து எழுந்தாலே நேற்று 1.7 லிட்டர், இன்று 2.2 லிட்டர் என்று எண் கிடைத்துவிடும்.